ஸ்பானிஷ் வகுப்பில் கதை சொல்கிறேன், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் புரிகிறதா?

ஸ்பானிஷ் டீச்சர் (கேள்வி)

எட்டாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் எடுக்கிறேன். 31 பிள்ளைகள், வாரத்துக்கு நாலு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிஷம். போன வருஷம் வரை வினைச்சொல் அட்டவணைதான். 'ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா' என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். அதே சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துக் கேட்டால் முழிப்பார்கள்.

இந்த வருஷம் கம்ப்ரிஹென்சிபிள் இன்புட் பக்கம் வந்தேன். புரிகிற மாதிரியான மொழியை நிறையக் கேட்டால் அது தானாகப் படியும் என்று மொழியியல் அறிஞர் ஸ்டீபன் கிராஷன் சொல்வாரே, அதுதான். எட்டு வாரமாகக் கதை. ஒரு யானை. யானைக்குச் சாக்லேட் வேண்டும். யானையிடம் சாக்லேட் இல்லை. படம் வரைகிறேன், நடித்துக் காட்டுகிறேன், அப்புறம் கேள்வி: யானைக்குச் சாக்லேட் வேண்டுமா? பூனை வேண்டுமா? யாருக்குச் சாக்லேட் வேண்டும்? எல்லாம் ஸ்பானிஷில்.

மூன்றாவது வாரம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "மிஸ், யானைக்கு என்ன வேணும்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் ஏன் எங்களையே கேட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை.

போன வாரம் படம் இல்லாமல் வாக்கியங்களை மட்டும் சொல்லி அர்த்தம் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் 'தியேனே'யையும் 'கியேரே'யையும் மாற்றி எழுதியிருந்தார்கள். இருக்கிறது என்பதற்கு வேண்டும், வேண்டும் என்பதற்கு இருக்கிறது. "புரிஞ்சுதா?" என்று தினமும் கேட்கிறேன், தினமும் தலையாட்டுகிறார்கள். ஒருவரும் வாய் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசவும் இல்லை. நான் செய்வதில் தப்பா, இல்லை 31 பேர் வகுப்புக்கு இது சரிப்படாதா?

பழைய வாத்தியார் (பதில்)

டீச்சர், முதலில் அந்தப் பையனுக்கு நன்றி சொல்லுங்கள். உங்கள் சிக்கலில் பாதியை அவன் சொல்லிவிட்டான்.

இந்தக் கேள்விச் சுற்று ப்ளெய்ன் ரே என்ற ஸ்பானிஷ் ஆசிரியர் வளர்த்த கதை முறையிலிருந்து வருவது. அதற்கு முன் அவர், கட்டளை சொல்லிப் பிள்ளைகளைச் செய்யவைக்கிற ஜேம்ஸ் ஆஷரின் முறையை வைத்துத்தான் நடத்திக்கொண்டிருந்தார். எழுந்திரு, கதவைத் தொடு என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? அப்புறம்தான் கதை. அந்தக் கதையின் உயிரே விவரங்களைப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்குவதில் இருக்கிறது. யானைக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்கே தெரியக் கூடாது. அவர்கள் சொல்லட்டும். 'செருப்பு' என்பான் ஒருவன். சரி, செருப்பு. எத்தனை? நாலு. இப்போது கேட்கிற கேள்விக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, பதிலைக் காது கொடுத்துக் கேட்க அவர்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

'தியேனே', 'கியேரே' குழப்பம் பிள்ளைகள் தப்பில்லை. நீங்களே சொல்லிப் பாருங்கள், இரண்டும் எதுகை போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரே வாரத்தில் இறக்கினால் ஒட்டிக்கொள்ளும், பிரிப்பது பெரும்பாடு. நானும் முதல் வருஷம் இதில் விழுந்தேன். 'கியேரே'யை மட்டும் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு மற்றதைக் கொண்டுவாருங்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை இன்றோடு விடுங்கள். அந்தக் கேள்விக்குத் தலை தானாக ஆடும். 'நான் இப்போ என்ன சொன்னேன்?' என்று கேட்டு, பதிலைத் தமிழில் வாங்குங்கள். ஐந்து விநாடி வேலை. தாய்மொழியை வகுப்பு வாசலில் கழற்றி வைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இன்னொன்று, 'மே குஸ்தா'வை ஆங்கிலம் வழியாக விளக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அது அப்படியே நம் 'எனக்குப் பிடிக்கும்'. 'மே துவேலே லா கபேசா' அப்படியே 'எனக்குத் தலை வலிக்கிறது'. 'நான்' எழுவாயாக இல்லாத இந்த வாக்கியங்களை ஆங்கிலம் வழியாகப் போனால் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு அது ஓசியில் கிடைக்கிறது.

பேசவில்லை என்கிறீர்கள். எட்டு வாரம், 32 பீரியட், 40 நிமிஷம்: மொத்தம் 21 மணி நேரமும் கொஞ்சமும். அதில் வருகைப்பதிவு, சலசலப்பு எல்லாம் கழியும். வீட்டில் ஒரு குழந்தை இரண்டு மூன்று நாளில் கேட்டுவிடுகிற அளவு. இதற்குள் பேச்சை எதிர்பார்க்காதீர்கள்.

இலக்கணக்காரன் (பதில்)

மேலே சொன்னதில் பெரும்பாலானதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டால் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் பாடங்களையே பிரெஞ்சில் படித்த ஆங்கிலப் பிள்ளைகளை வைத்து 1985இல் மெரில் ஸ்வெயின் என்ற ஆய்வாளர் எழுதினார். வருஷக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டவர்கள் அவர்கள். கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் அந்த அளவுக்கு வரவில்லை. வாயைத் திறந்து சொல்ல முயலும்போதுதான் எது வரவில்லை என்று தெரியும் என்பது அவர் வாதம். முதல் வருஷத்தில் அவசரப்பட வேண்டாம், சரி. அதற்காக வருஷக் கடைசி வரை ஊமைப் படம் ஓட்டவும் வேண்டாம்.

பழைய வாத்தியார்

இதில் எனக்குச் சண்டை இல்லை. வரிசை மட்டும் முக்கியம். டீச்சர், வகுப்பில் உருவான கதையைத் தட்டச்சு செய்து மறுநாள் படிக்கக் கொடுங்கள். புதுச் சொல் மிகக் குறைவாக இருக்கட்டும். உதவி இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு ஆய்வில் கணக்கிட்டார்கள். நம் பாடப்புத்தகங்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

ஸ்பானிஷ் டீச்சர்

ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு வந்தேன். 'தியேனே'யை ஒதுக்கி வைத்தாயிற்று. யானைக்கு என்ன வேண்டும் என்று நிஜமாகவே கேட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்று பதில் சொன்னார்கள், கை தூக்கி ஓட்டெடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. தமிழில் அர்த்தம் கேட்டபோதுதான் தெரிந்தது, இத்தனை நாள் தலையாட்டியவர்களில் நாலைந்து பேருக்கு யானை என்ற சொல்லே புரிந்திருக்கவில்லை. பேச்சு இன்னும் ஒற்றைச் சொல்தான்.

நேற்று அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தான். 'யானைக்குச் சாக்லேட் வேண்டாம், தூங்க வேண்டும்' என்று ஸ்பானிஷில். 'தோர்மீர்' நான் சொல்லித்தரவே இல்லை, அகராதியில் தேடியிருக்கிறான். ஆனால் 'க்யூ' எழுத்தில் தொடங்க வேண்டிய 'கியேரே'யை 'கே' எழுத்தில் தொடங்கி எழுதியிருக்கிறான். திருத்தட்டுமா சார்?

பழைய வாத்தியார்

வேண்டாம். நாளைக்கு அவன் கதையையே எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுங்கள், சரியான எழுத்தோடு. மேலே அவன் பெயர் போட மறக்காதீர்கள்.