புதுப்பிப்பு: மரவள்ளிக்குள் பயறு

மாரி தொடங்க முன் இங்கே கேட்டிருந்தேன்: முத்தையன்கட்டுப் பக்கத்து மேட்டுக்காணியில் மரவள்ளி வரிசைகளுக்கு நடுவே பயறு போட்டால் கிழங்கு சிறுத்துவிடாதா என்று. கச்சான் (நிலக்கடலை) போடச் சொன்னவர்களும் இருந்தார்கள். நான் பயறே போட்டேன். கச்சானுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும், அதற்குள் மரவள்ளி இலை மூடி நிழல் விழுந்துவிடும். பயறு இரண்டு மாதத்தில் முடிகிற சாமான்.

சரி, விளைவு? மரவள்ளி சோரவில்லை. புல்லுப் பிடுங்கும் கூலி நன்றாகக் குறைந்தது. மழைக்குள் முற்றிய காய்களில் கொஞ்சம் செடியிலேயே முளைத்துவிட்டன, மிச்சத்தில் மயில் தன் பங்கை எடுத்தது (வன்னியில் இதைச் சொல்லவும் வேண்டுமா!).

பூக்கும் நேரம் ஒரு செடியை மண்ணோடு கிண்டி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. அப்படி இருந்தால் அது காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கிறது. பச்சையோ மண்ணிறமோ என்றால் வேலை நின்றுவிட்டது.

அப்படியென்றால் நைதரசன் உரமான யூரியாவை அடியோடு கைவிடலாமா என்று ஒரு அண்ணை கேட்டிருந்தார். கைவிடாதீங்கோ, குறைத்துப் பாருங்கோ. பயறு பிடிக்கிற நைதரசனில் பக்கத்துச் செடிக்கு உடனே போவது சொற்பம். வேரும் தழையும் உக்கினால்தான் பலன். அதனால் காயை மட்டும் ஆய்ந்துவிட்டு, கொடியை வெட்டி அடியிலேயே பரப்பினேன். பொட்டாசியத்தைப் பயறு தராது, மரவள்ளியோ அதை நிறைய உறிஞ்சும். அதற்கு மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் போடுகிறேன்.

கிழங்கு இன்னும் கிண்டவில்லை. நிறுத்ததும் எழுதுகிறேன், அதுவரை பன்றி விட்டுவைத்தால்.