பெரியப்பாவின் பதக்கங்கள்: விவரம் தெரிஞ்சவங்க உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். பர்கூர் பக்கம் எங்க ஊர். ராணுவ அதிகாரியா இருந்து காலமான பெரியப்பாவோட டிரங்குப் பெட்டியில மூணு பதக்கம் இருக்கு. ஐந்து முனை வெண்கல நட்சத்திரம் பூர்வி ஸ்டார், இன்னொண்ணு சங்கிராம் மெடல். ரெண்டும் 1971 போருக்கானவை. மூணாவதுதான் முக்கியம். வட்டமான வெள்ளி, முன்பக்கம் நிமிர்ந்த பயனெட் (துப்பாக்கி முனையில மாட்டுற கத்தி), ரிப்பன் இல்லை. சேனா மெடல்னு நினைக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்ச்சதில விளிம்பு எழுத்து மழுங்கி, அதிகாரிகளுக்கே உரிய 'ஐசி' எண்ணோட தொடக்கம் மட்டும் தெரியுது. (உங்க வீட்டுப் பதக்கத்தையும் தயவுசெஞ்சு தேய்க்காதீங்க.)

வீரத்துக்கும் கடமைக்கும் ரெண்டுக்குமே சேனா மெடல் கொடுப்பாங்க. இவருக்கு எதுக்குன்னு தெரிஞ்சுக்கணும். பதக்கம் கொடுத்ததைச் சொல்ற பழைய அரசிதழ் அறிவிப்பை எங்கே பார்க்கலாம்? கிருஷ்ணகிரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேட்டா வழி கிடைக்குமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, படம் அனுப்புறேன்.