போடி சொந்தங்கள் குழு: ஜீப் கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கலாமா?

கதிர்: மாமா, நம் பழைய ஜீப்பில் செகண்ட் கியர் நிற்கவே மாட்டேன் என்கிறது. போடிமெட்டு மலைப்பாதை இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் போதும், தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பட்டறையில் ஆள் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். ஏலக்காய் எடுப்பு இன்னும் முடியவில்லை, வண்டி நின்றால் தோட்டத்துக்கு ஆள் ஏற்ற முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் வாசலில் வைத்தே கியர்பாக்ஸை இறக்கலாம் என்று இருக்கிறோம்.

முருகன் மாமா: முதலில் அந்த வண்டியை மெட்டுக்கு எடுக்காதே. 17 கொண்டை ஊசி வளைவு, ஆள் ஏற்றிக்கொண்டு இன்ஜின் பிடிப்பு இல்லாமல் வெறும் பிரேக்கை நம்பி இறங்குவது ஆகவே ஆகாது. மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தாயா? அதில் கியரைப் பிடித்து நிறுத்துகிற குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருந்தாலும் கியர் கழலும். அப்படி என்றால் பாக்ஸை இறக்கவே வேண்டாம்.

கதிர்: பார்த்துவிட்டேன் மாமா. ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் செகண்டில் கோக்கிற சின்னப் பல்லெல்லாம் முனை மழுங்கி உருண்டு கிடக்கிறது. போட்டோ போட்டிருக்கிறேன்.

முருகன் மாமா: சரி, அப்படியானால் இறக்கித்தான் ஆகவேண்டும். வீட்டில் செய்யலாம், தப்பில்லை. ஆனால் வாசலில் வேண்டாம். உங்கள் வாசல் தெருவைப் பார்த்துச் சரிகிறது.

கதிர்: ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது மாமா. கியரிலும் போட்டு நிறுத்திவிடுவோம்.

முருகன் மாமா: இதைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்கவேண்டும். இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற, சுழற்சியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதற்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு, அதாவது பின் ஷாஃப்ட் புறப்படுகிற இடத்தில் ஒரு டிரம் இருக்கிறதே, அதுதான் ஹேண்ட் பிரேக். அது ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது, ஷாஃப்ட் ஆக்ஸிலைப் பிடிக்கிறது, அப்படித்தான் வண்டி நிற்கிறது. நீ கீழே படுத்துப் பின் ஷாஃப்ட்டின் கடைசி போல்ட்டைக் கழற்றிய அந்த நொடியில் ஹேண்ட் பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை. முன் ஷாஃப்ட்டும் கழன்றிருந்தால் நாலு சக்கரமும் விட்டுப்போய்விடும். சரிவில் நின்றால் உன் மேலேயே உருளும். பழைய லேண்ட் ரோவரிலும் இதே அமைப்புதான், டிரம் ஷாஃப்ட்டில்தான் இருக்கும்.

செல்வி அத்தை: ஐயோ, படிக்கவே பகீர் என்கிறது. கதிரு, பேசாமல் நம் களத்துக்குக் கொண்டுபோ. சிமென்ட் தரை, சமமாக இருக்கும்.

முருகன் மாமா: அத்தை சொல்வது சரி. களத்தில் நிறுத்தி, ஷாஃப்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னாலேயே நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடு. அப்புறம் தூக்கிச் சேசிஸில் ஸ்டாண்டு போடு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதே. ஹாலோ பிளாக் கல்லை அடுக்குகிற வேலையே வேண்டாம், அது விரிசல் காட்டாமல் ஒரே நொறுங்காக நொறுங்கும்.

தம்பி சரவணன்: மாமா, நாங்கள் ரெண்டு பேரும் கீழே படுத்து நெஞ்சில் தாங்கி இறக்கலாம் என்று நினைத்தோம். யூடியூபில் ஒருவர் அப்படித்தான் செய்கிறார்.

முருகன் மாமா: கூடவே கூடாது. பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றாகக் கோத்திருக்கும்போது கனம் முழுவதும் பின்பக்கம் சாயும். முன்னால் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும், கை தளர்ந்தால் மொத்தக் கனமும் அந்த ஷாஃப்ட்டில் தொங்கி, பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துபோகும். ரெண்டாகப் பிரித்து இறக்கு, பாதிக் கனம்தான். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க மூடியைக் கழற்றினால் பெரிய நட்டு ஒன்று தெரியும். அதில் குத்தியிருக்கிற காட்டர் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற கியரை உருவிவிட்டுத்தான் டிரான்ஸ்ஃபர் கேஸை இழுக்கவேண்டும். இழுப்பதற்கு முன்னால், மேல் மூடி திறந்திருக்கும் இல்லையா, அந்த வழியாகக் கம்பியை விட்டு பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டில் செகண்ட் கியருக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கி முறுக்கிவிடு. இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸோடு ஷாஃப்ட்டும் சேர்ந்து உருவிக்கொண்டு வரும்.

பாண்டி அண்ணன்: போர் மோட்டார் தூக்குகிற முக்காலியும் செயின் பிளாக்கும் என்னிடம் இருக்கிறது. படுதாவைக் கழற்றிவிட்டு ஜீப்புக்கு மேலே முக்காலியை நிறுத்தினால் ஆகுமா?

முருகன் மாமா: அருமை பாண்டி, அதுதான் வேண்டும். சீட்டையும் நடுத் தகட்டையும் எடுத்துவிட்டால் பாக்ஸ் மேலிருந்தே தெரியும். அந்தத் திறப்பு வழியாக பெல்ட்டை விட்டுப் பாக்ஸைக் கட்டி, செயினில் பிடித்துக்கொண்டே கீழே இறக்கலாம், யாரும் அடியில் இருக்கவேண்டியதில்லை. முக்காலியின் கால்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்துவிடு, சிமென்ட் தரையில் விரியப் பார்க்கும்.

கதிர்: பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டம், அந்தக் கிராஸ் மெம்பரை எப்போது கழற்றுவது மாமா?

முருகன் மாமா: இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்த பிறகு. இன்ஜினின் பின்பாரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. கிளட்சை மூடியிருக்கிற கூடு, அந்தப் பெல் ஹவுசிங் அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடு, ஆயில் சேம்பரில் கொடுத்தால் தகடு உள்ளே போய்விடும். இன்ஜின் பின்னால் ரொம்பத் தணிந்தால் முன்னால் ஃபேன் ரேடியேட்டரில் முட்டும், அதையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பேட்டரி வயரும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் முதலிலேயே கழன்றிருக்கட்டும். ஷாஃப்ட் ஜாயின்ட்டில் ரெண்டு பக்கமும் நேராக ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடு, மாற்றிப் பூட்டினால் ஓடும்போது அதிரும்.

சரவணன்: ஆயில் என்ன வாங்கவேண்டும்?

முருகன் மாமா: 90 நம்பர் கியர் ஆயில், ஜிஎல்-4. கடையில் ஜிஎல்-5தான் நல்லது என்று கொடுப்பார்கள். ஆக்ஸிலுக்கு அது சரி, இந்தப் பாக்ஸில் கியர் கோக்க உதவுகிற பித்தளை ரிங்குக்கு ஆகாது. பாக்ஸ் வெளியே இருக்கும்போதே ரிலீஸ் பேரிங், பைலட் புஷ், இன்ஜின் பின் ஆயில் சீல் எல்லாவற்றையும் பார்த்துவிடு, இதற்காக இன்னொரு தடவை யார் இறக்குவது? கிளட்ச் தூசியைக் காற்று வைத்து ஊதாதே, பழைய பிளேட்டில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத் துணியால் துடை.

கதிர்: திரும்ப ஏற்றும்போது?

முருகன் மாமா: கையால் தள்ளியே பெல் ஹவுசிங்கோடு ஒட்டி உட்காரவேண்டும். இடைவெளி இருந்தால் போல்ட்டைப் போட்டு இழுக்காதே, பாக்ஸில் போல்ட் போடுகிற காது உடைந்துவிடும். கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று அர்த்தம், திரும்ப எடுத்துச் சரிசெய். நான் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் தேனியில் இருந்து வருகிறேன், நாலு ஸ்டாண்டும் கொண்டுவருகிறேன். சீட்டு, தகடு, ஆயில் எல்லாம் நீங்கள் எடுத்து வையுங்கள். ஷாஃப்ட்டை மட்டும் நான் வந்து கட்டையைப் பார்க்கிற வரை தொடாதீர்கள்.

கதிர்: சரி மாமா, தொடமாட்டோம்.

பாண்டி அண்ணன்: களத்தில் காப்பிக்கொட்டை காய்கிறது, சனி சாயங்காலமே அள்ளிவிடுகிறேன். கட்டைக்கு வேம்பு இருக்கிறது, எட்டாக அறுத்து வைக்கவா?

முருகன் மாமா: எட்டு வேண்டும். ஒரு பக்கம் சாய்வாக அறுத்து வை.