மூளைக்காய்ச்சல் தடுப்பூசி: இரண்டாவது தவணையைத் தவறவிடும் குழந்தைகளுக்காக ஓர் உதவி

நண்பர்களுக்கு வணக்கம். விழுப்புரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் தடுப்பூசிப் பணிக்குத் தன்னார்வலராக உதவிவருகிறேன். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எங்களுக்குப் புதிதல்ல. இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1955-இல் வேலூர்ப் பகுதியில்தான். வயலில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றி, கொக்கு, நாரைகளிடமிருந்து கிருமியைக் கொண்டுவருகிறது. நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. பிழைத்த பிள்ளைகளிலும் பலர் வலிப்பு, பேச்சுக் குறைபாடு என்று வாழ்நாளெல்லாம் அவதிப்படுகிறார்கள்.

9 மாதம் முடிந்ததும் போடும் முதல் தவணை பெரும்பாலும் தவறுவதில்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் போடவேண்டிய இரண்டாவதுதான் நழுவுகிறது. அதற்குள் குடும்பமே செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ வெளியூர் போய்விடுகிறது. தடுப்பூசி அட்டையோ பாட்டி வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கிறது. எந்த ஊசி பாக்கி என்று அந்த ஊர்ச் செவிலியருக்கு எப்படித் தெரியும்? பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பணம் வாங்கியவர்களால் ஒரு நாள் கூலியைக்கூட விட முடியாது.

சூளைப் பகுதிகளில் பணிபுரியும் செவிலியர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: இக்குழந்தைகளின் ஊசிக் கணக்கை எப்படித் தொடர்கிறீர்கள்? புதன்கிழமை முகாமைச் சூளைக்கே வரவழைக்க யாரிடம் மனு கொடுக்கவேண்டும்? பொங்கல் கழிந்ததும் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் பதில் கிடைத்தால் பேருதவி.