கடத்து பஞ்சாயத்துக்கு, கடவு யாருக்கு?

கடவுக்காரன் பேரன்:
எங்கள் வீடு தெற்குக் கேரளத்தில், நெய்யாற்றின் கீழ்ப்பகுதியில், பூவாருக்குக் கொஞ்சம் மேலே. ஆற்றோரமாக 18 சென்ட் தென்னந்தோப்பு. அதன் நடுவே ஒரு நடைவழி போய்க் கருங்கல் படியில் இறங்கும். அதுதான் கடவு, படகுத் துறை. தாத்தா அங்கே வள்ளம் ஊன்றியவர்; படிக்குக் கல் சுமந்தது தான்தான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா காலத்தில் பஞ்சாயத்து கடத்தை, அதாவது ஆட்களைப் படகில் அக்கரை சேர்க்கும் உரிமையை, ஏலத்துக்கு விட்டது. வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை, அப்பாவுக்குத் துபாய் விசா வந்திருந்தது.

இந்த வருஷம் ஏலம் எடுத்தவர் படிக்கு மேலே, தோப்புக்குள்ளேயே தகர ஷெட் போட்டு டிக்கெட் மேசையும் வைத்துவிட்டார். கேட்டால், "கடத்து என் கையில், கரை ஆற்றுப் புறம்போக்கு" என்கிறார். எங்களிடம் மலையாள ஆதாரமும் (நிலப் பத்திரம்) கரம் (நில வரி) கட்டிய ரசீதும் இருக்கின்றன. ஆட்கள் நடந்து போவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, அம்மாவே அந்த வள்ளத்தில்தான் சந்தைக்குப் போகிறாள். ஷெட்டை எடுக்கச் சொல்ல முடியுமா? தாத்தாவின் கடத்து உரிமை இன்னும் நமக்குத்தான் என்று சித்தப்பா வேறு கிளம்பியிருக்கிறார்.

பழைய சர்வேயர்:
தம்பி, முதலில் ஆதாரத்தில் எல்லையைப் பாருங்கள். மேற்கே 'ஆறு' என்றா, 'ஆற்றுப் புறம்போக்கு' என்றா? பாதி வழக்கு அந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். கேரளத்தின் 1957-ஆம் வருஷ நிலப் பாதுகாப்புச் சட்டம் 3-ஆம் பிரிவில் ஆற்றுப் படுகையோடு கரையையும் அரசு சொத்தாகச் சொல்கிறது. தனியார் நிலம் என்றால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கரம் ரசீதை மட்டும் நம்பாதீர்கள், அது மட்டும் நிலத்தின் மேல் உரிமைக்குச் சான்றாகாது. தாலூக்கில் அளக்க மனுக் கொடுங்கள். ரீசர்வே (மறு அளவை) கணக்கு ஆரில் இருக்கும், ஒரு ஆர் 100 சதுர மீட்டர், 18 சென்ட் சுமார் 7.28 ஆர். கரை அரித்துப்போய், நிலம் பத்திரத்தில் மட்டும் மிஞ்சிய தோப்புகளையும் நான் அளந்திருக்கிறேன்.

வக்கீல் குமாஸ்தா:
சர்வேயர் அண்ணன் சொன்னது சரி. கடத்து ஏலம் என்பது ஆளை ஏற்றி இறக்கிக் காசு வாங்கும் உரிமை, கரை மண்ணை அது தராது. ஏல ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். ஷெட்டைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். கோபத்தில் வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள். 20 வருஷத்துக்கு மேல் தடையின்றி நடந்த வழி என்றால் அக்கம்பக்கத்தார் ஈஸ்மென்ட், அதாவது அடுத்தவர் நிலத்தில் நடக்கும் வழி உரிமை, கேட்டு வருவார்கள். அது நடக்கத்தான், மேசை போட அல்ல.
அப்புறம் சித்தப்பா. 1908 பதிவுச் சட்டம் கடத்து உரிமையை அசையாச் சொத்தில்தான் சேர்த்திருக்கிறது. அப்படியானால் அதற்குக் காகிதம் ஏதாவது வைத்திருக்கிறாரா?

கடவுக்காரன் பேரன்:
ஆதாரத்தை எடுத்துப் பார்த்தேன். மேற்கே 'நெய்யாறு' என்றுதான் இருக்கிறது, புறம்போக்கு என்ற சொல்லே இல்லை. திங்கட்கிழமை மனுக் கொடுக்கிறேன். சித்தப்பாவிடம் காகிதம் கேட்டேன். உள்ளே போய்த் தாத்தா வள்ளம் ஊன்றிய கழுக்கோலை எடுத்துவந்து காட்டுகிறார்.