வெளியே வாங்கிய ஆயில், ஃபில்டர்: வாரண்டி மேஜையில் உங்களுக்கு என்ன நடந்தது?

திருகாணி

என் புகார் வாட்டர் பம்ப் கசிவு. அவ்வளவுதான். 31,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, வாரண்டி முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. கூலண்ட் சொட்டுவது குனிந்தாலே தெரியும். சர்வீஸ் அட்வைசர் பானெட்டைத் திறந்தார், கசிவு இருந்த பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஆயில் ஃபில்டரைப் பார்த்தார். நான் மாட்டியிருந்தது நீலம், கம்பெனி ஃபில்டர் வெள்ளை. கையிலிருந்த பேனாவால் அதன் தலையில் டொக் டொக் என்று இரண்டு தட்டு.

"இது நம்மளது இல்லையே சார்."

"வாட்டர் பம்ப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கோ இல்லையோ, எழுதணும் சார்."

ஜாப் கார்டில், அதாவது வண்டிக்கு என்ன வேலை என்று எழுதுகிற தாளில், 'வெளி ஃபில்டர், வாரண்டி பொருந்தாது' என்று எழுதி என் பக்கம் திருப்பினார். பம்ப் விஷயம் மறுநாள் மேனேஜர் வந்து பார்த்ததும் முடிந்துவிட்டது, வாரண்டியிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். அது பிரச்சினை இல்லை. அந்த இரண்டு தட்டு இன்னும் காதில் இருக்கிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

மலைச்சாலை

என்னுடையது பைக். மறுத்தார்கள், மறுத்ததும் சரிதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னைத் திட்ட வேண்டாம்.

வீட்டில் கார் ஆயில் ஒரு லிட்டர் மீந்திருந்தது. நல்ல ஆயில், விலை கூடிய ஆயில், 0W-20 என்கிற மெல்லிசான ரகம். பைக்குக்கு ஊற்றினேன். 400 கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு ஏற்றம். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் திருகுகிறேன், என்ஜின் சத்தம் விர்ரென்று ஏறுகிறது, வண்டி மட்டும் அப்படியே ஊர்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை, பொறுமையாக என் பின்னாலேயே வந்தார். அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் சரக்கு கிளட்சுக்கு எமன். டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்க வேண்டும், என் டப்பாவில் இல்லை. கிளட்ச் பிளேட்டுக்கு வாரண்டி கேட்டுப் போனேன். மெக்கானிக் டிப்ஸ்டிக்கைத் துடைத்து மோந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

சும்மா படிக்கிறவன்

எனக்குப் பெரிய அனுபவம் எதுவும் இல்லை, வைப்பர் பிளேடு வெளியே வாங்கியதோடு சரி. ஆனால் திருகாணி சார் எழுதியதைப் படித்ததும் கை துறுதுறுக்கிறது.

அந்த வரியை நீங்கள் விட்டிருக்கவே கூடாது. வெளி ஃபில்டர் மாட்டியதாலேயே வாரண்டி போய்விடும் என்று எவரும் சொல்ல முடியாது. அந்தப் பொருளால்தான் இந்தப் பழுது வந்தது என்று காட்ட வேண்டியது அவர்கள் வேலை. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் இதற்கென்றே இருக்கிறது. எங்கள் பிராண்ட் பொருளைப் போட்டால்தான் வாரண்டி என்று நிபந்தனை வைக்க வேண்டுமானால், அந்தப் பொருளை இலவசமாகத் தர வேண்டும், இல்லையென்றால் அங்கே உள்ள வர்த்தக ஆணையத்திடம் விலக்கு வாங்க வேண்டும். 2022-இல் ஹார்லி டேவிட்சன் மீது அந்த ஆணையம் எடுத்த நடவடிக்கை இதே மாதிரி நிபந்தனைக்காகத்தான். இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் போட்ட உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தார் என்பதற்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று சொல்லியிருக்கிறது. வெளியே பார்த்த தவறான வேலையால் எந்த அளவுக்குப் பழுது வந்ததோ அந்த அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம்.

ஆகவே அடுத்த முறை: ஒன்று, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். இரண்டு, எந்தப் பாகம் எந்தப் பழுதை உண்டாக்கியது என்று அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். மூன்று, வாரண்டி புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இந்த நிபந்தனை இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் மூன்றாவதிலேயே மேனேஜரைக் கூப்பிட்டுவிடுவார்கள். கையெழுத்து போட்டீர்களா இல்லையா? அதைச் சொல்லவில்லையே?

ஜாப் கார்டுக்கு அந்தப் பக்கம்

ஆறு வருடம் வாரண்டி மேஜையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது வேறு வேலை, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

சும்மா படிக்கிறவன் அவர்களே, சட்டம் சரி. ஆனால் மேஜைக்கு வருகிற பிரச்சினை ஃபில்டரின் நிறம் கிடையாது. எனக்கு மறக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

என்ஜின் ஜாம் ஆகி ஒரு வண்டி வந்தது. வால்வ் கவரைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரி கசடு, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுக்கலாம். "ஒழுங்கா ஆயில் மாத்தினீங்களா?" என்றேன். "மாத்தினேன், பில் இருக்கு" என்று ஒரு கவரைக் கொடுத்தார். நான்கு பில். இரண்டு வருடத்தில் நான்கு முறை, தேதியும் கிலோமீட்டரும் கச்சிதம். பில் எண்ணைப் பார்த்தேன். 412, 413, 414, 415.

இரண்டு வருடத்தில் அந்தக் கடைக்கு வேறு ஆளே வரவில்லையா?

நான் ஒன்றும் கேட்கவில்லை. நான்கையும் வரிசையாக மேஜையில் பரப்பி அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கவரில் திரும்பப் போட்டுக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஒருவேளை ஆயிலே மாற்றியிருக்க மாட்டார், ஒருவேளை மாற்றிவிட்டு பில் வாங்க மறந்து கடைசியில் மொத்தமாக எழுதி வாங்கியிருப்பார். எனக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் தேடியது மூன்றே விஷயம்: மேனுவலில் சொன்ன தரம், சொன்ன இடைவெளி, அதற்குச் சான்று. திருகாணிக்கு நடந்தது சோம்பேறித்தனம், அதை நான் காப்பாற்றவில்லை. பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமே கிடையாது.

ஞாயிறு வண்டி

அந்த 'சொன்ன இடைவெளி'தான் என்னைக் கவிழ்த்தது. வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. கிலோமீட்டர் வரட்டும் என்று 19 மாதம் அதே ஆயிலில் விட்டேன். மேனுவலில் 12 மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. 'எது முதலில் வருகிறதோ' என்ற மூன்று வார்த்தையை அட்வைசர் மஞ்சள் கோடு போட்டுக் காட்டினார். என் ஆயில் டப்பாவை அவர் பார்க்கக்கூட இல்லை.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

நானே மாற்றுகிற ஆள். வாரண்டிக்குப் போகவில்லை, போக இருந்தேன்.

ஃபில்டர் புதிது, வெளி பிராண்ட். மாட்டி ஸ்டார்ட் செய்தேன், இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடியது, கீழே ஒரு சொட்டு இல்லை. சந்தோஷமாக ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். அழுத்தம் ஏறியதும் புஸ்ஸென்று பக்கவாட்டில் பீய்ச்சியது. டாஷ்போர்டில் ஆயில் விளக்கு எரிவதற்கும் நான் சாவியைத் திருப்புவதற்கும் சரியாக இருந்தது. தரையில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர்.

ஃபில்டர் கம்பெனிக்குக் காட்டமாகக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவர்கள் பொருளில் குறை இருந்து என்ஜின் கெட்டால் பொறுப்பு ஏற்பதாக அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். பாதி எழுதியதும் ஒரு போட்டோ சேர்க்கலாமே என்று ஃபில்டரைக் கழற்றினேன். என்ஜின் முகத்தில் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல்தான் புதுசை மாட்டியிருக்கிறேன். இரண்டு வளையம்.

கடிதத்தை அழித்தேன். தரையைத் துடைக்க மரத்தூள் நல்லது, அது மட்டும் சொல்கிறேன்.

கருப்புச் சொட்டு

ஸ்பேனர் தம்பி, இதற்குத்தான் கழற்றியதும் பழைய ஃபில்டரைத் திருப்பி வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இப்படி நடந்ததில்லை. எனக்கு நடந்தது வேறு, மலிவு ஃபில்டர் மாட்டியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று ஒரு சத்தம். மாற்றினேன், போய்விட்டது. அவ்வளவுதான் கதை.

ஆனால் இதைப் படிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஃபில்டர் என்றால் வெறும் மடித்த காகிதம் இல்லை. உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது, வண்டி நின்றதும் ஆயில் பின்னால் வடிந்துவிடாமல் பிடித்து வைக்கும். அது கெட்டியாகிப் போனால் காலையில் ஆயில் மேலே ஏறும்வரை உலோகமும் உலோகமும் உரசும். அந்தக் கடகட சத்தம் அதுதான். சிலிகான் ரப்பர் சூட்டைத் தாங்கும், சாதா ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். இன்னொன்று பைபாஸ் வால்வு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, வடிகட்டாமலாவது ஆயில் போகட்டும் என்று திறந்துவிடும். எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். மரை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எதையாவது மாட்டாதீர்கள், ஃபில்டர் கம்பெனியின் பட்டியலில் உங்கள் மாடலைப் பார்த்து வாங்குங்கள். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவுங்கள். வளையம் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று, ஸ்பேனர் வேண்டாம். ட்ரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். டீசல் வண்டியில் புகை வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில்தான். கரி எரிந்துபோகும், ஆயிலின் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

அண்ணா, நன்றி. நான் மரத்தூளைப் பற்றித்தான் சொன்னேன்.

நீலக் கோப்பு

எனக்கு வாரண்டி கிடைத்தது. ஆனால் கிடைத்த விதம் கசப்பு.

48,000-இல் என்ஜின் அடியில் தட்டுகிற சத்தம். பேரிங். "வெளி ஆயில் ஊத்தியிருக்கீங்க மேடம், அதான்" என்றார்கள். மேனுவல் கேட்டது 5W-30, தரக்குறி ஏபிஐ எஸ்என் அல்லது அதற்கு மேல். நான் ஊற்றியது 5W-30, எஸ்பி. 2020-இல் வந்த தரம், எஸ்என்னுக்கு மேலே. சொன்னேன். தலையாட்டினார்கள், கேட்கவில்லை.

வண்டியை இழுத்துப் போவதற்கு முன்பே ஆயில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தேன். என் தம்பிதான் பிடிவாதமாக எடுக்க வைத்தான். சூடான ஆயில், ட்ரெயின் ஆகும்போது முதலில் கொஞ்சம் ஓட விட்டு, நடுவில் ஒரு சுத்தமான பாட்டிலில். அறிக்கை வந்தது: 100 டிகிரியில் பாகுநிலை 10.4. 5W-30-இல் வரும் அந்த 30 என்ற தரத்துக்கு 9.3-க்குக் குறையாமல் 12.5-க்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் கலக்கவில்லை, கூலண்ட் கலக்கவில்லை. சிலிகான் குறைவு, அதாவது தூசி உள்ளே போகவில்லை, ஏர் ஃபில்டரும் தப்பித்தது. ஈயமும் செம்பும் மட்டும் எக்கச்சக்கம், பேரிங் தேய்ந்த கணக்கு.

கோப்பை மேஜையில் வைத்தேன். பில், ஒவ்வொரு முறையும் ஓடோமீட்டரோடு சேர்த்து எடுத்த டப்பா போட்டோ, அறிக்கை. மேனேஜர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, என்னிடம் பேசாமல் என் பின்னால் நின்ற தம்பியிடம், "சார் எந்தத் துறையில இருக்கீங்க?" என்று கேட்டார். வண்டி என் பெயரில். கோப்பு என் கையில். ஆயில் மாற்றியதும் நான்.

மூன்று வாரத்தில் என்ஜின் வேலை முழுவதும் வாரண்டியில் முடிந்தது.

சும்மா படிக்கிறவன்

பார்த்தீர்களா, அந்தப் பக்கம் அவர்களே? தரம் சரி, இடைவெளி சரி, சான்று சரி. அப்புறமும் முதலில் 'வெளி ஆயில்' என்றுதானே ஆரம்பித்தார்கள்? நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள், ஆய்வகத்துக்குப் பணம் கட்டியவர் இவர்.

ஜாப் கார்டுக்கு அந்தப் பக்கம்

மறுக்கவில்லை. எங்களுக்கும் மேலே ஒருவர் உண்டு. நாங்கள் பாஸ் செய்த கிளைமைக் கம்பெனி திருப்பி அனுப்பினால் அந்த நஷ்டம் பட்டறை தலையில். அதனால் சந்தேகம் வந்தால் முதலில் 'இல்லை' என்று சொல்லிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பாதிப் பேர் அதோடு திரும்பிப் போய்விடுவார்கள். பெருமையாகச் சொல்லவில்லை.

திருகாணி சார், அந்த வரி வண்டியின் பதிவில் இருந்தால் அடுத்த கிளைமுக்கு வேறு யாராவது அதைத்தான் முதலில் படிப்பார்கள். மேனேஜரிடம் சொல்லி அடித்துவிடச் சொல்லுங்கள். கையெழுத்து இல்லையென்றால் சுலபம்.

மலைச்சாலை

ஆமாம், எல்லோரும் கேட்கிறோம். போட்டீர்களா?

திருகாணி

போட்டேன்.

பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் கைக்குழந்தையோடு. வாதாட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அவர் பேனாவை நீட்டினார், வாங்கிப் போட்டுவிட்டேன். ஃபில்டரைத் தட்டினாரே, அதே பேனா. மூடியில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருந்தது.