திடீரென்று சீறும் 9 மாத பியர்டெட் டிராகன்: அடுத்து எதைப் பார்க்கலாம்?

வணக்கம். ஆண் பியர்டெட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லியினம்), வயது 9 மாதம். இதுவரை கையில் சாதுவாக இருந்தது. இப்போது தொட்டிக்குள் கை போனாலே தாடி கறுத்து உப்புகிறது, வாயைப் பிளந்து சீறுகிறது, ஒரு முறை கடித்தும்விட்டது.

தொட்டி 4×2×2 அடி. வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு டெம்ப் கன்னில் (தொடாமலே சூட்டை அளக்கும் கருவி) 41 டிகிரி, குளிர்ந்த பக்கம் 27. (கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டர் காற்றின் சூட்டைத்தான் காட்டும், அதை நம்பவில்லை.) யுவிபி (புற ஊதாக் கதிர்) டி5 டியூப் விளக்கு, 12 சதவீதம், புதியது, இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லை. பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடி தூவித்தான் பூச்சி தருகிறேன். தாடை கெட்டி, கால் நடுக்கம் இல்லை. எனவே எலும்பு நோயாகத் தெரியவில்லை.

தலையை வேகமாக ஆட்டுவதால் பருவ வயதுக் கோளாறு என்பதே என் ஊகம். தன் பிம்பத்தையே எதிரியாக நினைக்கலாம் என்று மூன்று பக்கமும் காகிதம் ஒட்டினேன். ஆட்டம் குறைந்தது, சீற்றம் குறையவில்லை. மேலிருந்து கை வந்தால் பருந்தென்று மிரளும் என்பதால் பக்கவாட்டில்தான் நீட்டுகிறேன்.

கேள்விகள்: தோல் உரியப்போகும் நேரத்தில் தூக்குவதை முழுதாக நிறுத்துவீர்களா? மலம் இளகி நாறுகிறது. காக்சிடியா (குடல் ஒட்டுண்ணி) இருந்தால் இப்படி எரிச்சல் வருமா? பல்லியினங்களுக்கு மலப் பரிசோதனை செய்யும் டாக்டர் சென்னையில் யாராவது?